ராஜாவின் சங்கீதம்



நமக்கு ராகமும் தாளமும் தெரியாது; தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளப் போவதுமில்லை. ஆனால் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாளின் சங்கீதத்தில், ராகம் தெரியாதவனும் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

1813-இல் பிறந்த இவரைத் தாயார் வயிற்றிலிருக்கும்போதே அரசுக்கு உரியவரென்று தீர்மானித்து, ‘கர்ப்ப ஸ்ரீமான்’ என்றார்கள். 1846-இல், 33 வயதிலேயே இறந்துபோனார். அதற்குள் சுமார் 400 உருப்படிகள் செய்தார் என்கிறார்கள். பெரும்பாலானவை சமஸ்கிருதம். 1834-இல் இங்கிலீஷ் பள்ளிக்கூடமும், 1837-இல் வான ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது இவர் காலத்தில்தான். அதை நாம் மறைக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் அந்தச் சபையில் இருந்தவர்கள் யார்? தஞ்சாவூர் நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார்; பாட்டும் நட்டுவமும் பரம்பரைத் தொழிலான குடும்பம். வெள்ளைக்காரன் வாத்தியமாகிய பிடிலை நம் சங்கீதத்துக்கு இணக்கியவர்களில் முக்கியமானவர். 1834-இல் ராஜா இவருக்குத் தந்தத்தால் செய்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். நல்ல காரியந்தான். ஆனாலும் பாட்டில் முத்திரையாக நிற்பது பத்மநாபன் பெயர். மேடையில் மாலை விழுவது ராஜா படத்துக்கு. வடிவேலுவை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு வேடிக்கை. ராஜா காலத்து மெட்டுகள் பலவும் அவருக்குப் பின் வழக்கொழிந்து போயின. 1939-இல் திருவனந்தபுரத்தில் சங்கீதப் பள்ளி ஏற்பட்டதையொட்டி, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாசய்யரும் பல சாகித்தியங்களுக்கு மெட்டுப் போட்டுச் செப்பனிட்டார்கள். அப்படியானால் நாம் இன்று கேட்பதில் ராஜாவுடையது எவ்வளவு, சம்பளம் வாங்கிய வித்வானுடையது எவ்வளவு? 1980-களில் வீணை எஸ். பாலச்சந்தர், இப்படியொரு வாக்கேயக்காரர் என்பதே கட்டுக்கதை என்று வாதாடினார். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆதாரம் கேட்பது குற்றமில்லை என்கிறோம், அவ்வளவே.

இனி நவராத்திரி மண்டபத்துக்கு வருவோம். ஒன்பது இரவு, ஒன்பது கீர்த்தனை, எதிரே சரஸ்வதி. கல்விக்கும் பாட்டுக்கும் அதிபதி பெண் தெய்வமாம். ஆனால் அங்கே பெண் பாடக்கூடாதாம்! பாறசாலை பொன்னம்மாள் அந்தச் சங்கீதப் பள்ளியில் சேர்ந்து படித்த முதல் பெண். பிற்பாடு அங்கேயே ஆசிரியையானவர். ராஜாவின் பாட்டை வகுப்பில் பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கலாம். கற்ற பையன் மண்டபத்தில் பாடலாம். கற்பித்த அம்மாள் பாடினால் மட்டும் தீட்டு! 2006-இல்தான், எண்பது வயதைத் தாண்டிய பின், அவர் அங்கே உட்கார்ந்து பாடினார். சரஸ்வதி எழுந்து ஓடவில்லை. மண்டபத்தின் ஓடு ஒன்றுகூட விழவில்லை.