கத்தாழை மீன்
(ஏலூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இரயில் நிலையத்தில் பார்சல் கணக்கு எழுதும் குமாஸ்தாவாகிய எமக்கு இலக்கியம் பேசும் தகுதி இல்லை. அதனை எமக்கு முன் பேசிய புலவர்கள் செவ்வனே செய்துவிட்டார்கள். ஆகவே யாம் அறிந்த ஒரு மீனைப் பற்றிச் சில சொற்கள் கூற அனுமதி வேண்டுகிறோம்.

யாம் பிறந்தது பாம்பன். அங்கே கத்தாழை என்று வழங்கும் மீனை இங்கே கோர என்கிறார்கள். எம் அன்னையார் முதன்முதல் ஏலூருக்கு வந்து சந்தையில் கத்தாழை கேட்டபோது மீன்காரர் விழித்தார். அன்னையார் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து அதன் வாயைத் திறந்து காட்டினார். முன்புறத்தில் நாய்ப்பல் போன்ற கூரிய பற்கள்! "ஓ, பல்லிக்கோர!" என்றார் மீன்காரர். எங்கள் ஊரில் அதுவே பன்னா.

கத்தாழைக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்று சொல்வோம். மீனின் விலாவில் ஓடும் கோடு மற்ற மீன்களில் பெரும்பாலும் வாலடியோடு நின்றுவிடும். கத்தாழையிலோ வால்துடுப்பின் நுனிவரை செல்லும். வாலும் கானாங்கெளுத்தியின் வாலைப் போலப் பிளவுபட்டிராது. தலையைப் பிளந்தால் வெண்ணிறக் கற்கள் கிடைக்கும். சிறு வயதில் யாம் அவற்றைச் சேர்த்து விளையாடினோம். அக்கற்களின் வளையங்களை எண்ணி அறிஞர்கள் மீனின் வயதைக் கணிக்கிறார்கள் என்பது பின்னரே தெரிந்தது. 1947இல் தொடங்கி மண்டபத்தில் இயங்கிய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1971இல் கொச்சிக்கு வந்தது. எம்மைப் போல அதுவும் இராமநாதபுரத்திலிருந்து குடிபெயர்ந்ததுதான்!

இம்மீன் பேசும். தூண்டிலிலிருந்து கழற்றும்போது கையிலேயே 'கர், கர்' என்று உறுமும். வயிற்றிலுள்ள காற்றுப்பையைத் தசைகள் அதிரச் செய்வதால் எழும் ஒலி அது. இனப்பெருக்கக் காலத்தில் கூட்டமாகக் கூடி ஒலிக்கும். மலேயாவில் ஜூரு செலாம் என்னும் மீனவர்கள் நீருக்குள் தலையை அமிழ்த்தி அவ்வோசையைக் கேட்டே வலை வைக்கச் சொல்வார்கள். 1942இல் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிகளைக் கண்டறிய வைத்த ஒலிக்கருவியில் இம்மீன்களின் இரைச்சலே நிறைந்ததாம்.

பிடிக்கும் முறை கடினமன்று. சேற்றுத்தரை உள்ள இடத்தில், பொழுது சாயும் வேளையில், இறாலைக் கோத்து ஈயக்குண்டு தரையைத் தொடுமாறு தூண்டில் விட வேண்டும். செவுள் வலையிலும் விழும். இழுவைப் படகுகள் வந்தபின் தூண்டிலுக்கு வேலை குறைந்தது.

குரலே இம்மீனுக்குப் பகையாயிற்று. சீனத்தில் 1950களில் படகுகளால் வளைத்து, மரக்கட்டைகளைத் தட்டி, அவ்வதிர்வினால் பெரிய மஞ்சள் கத்தாழைகளை மயங்கச் செய்து, பெரிதும் சிறிதுமாக அள்ளினார்கள். பிற்காலத்தில் அம்மீன் கடலில் அருகிப்போயிற்று. ஒலிக்கும் அந்தக் காற்றுப்பைக்கே கீழை நாடுகளில் பெருவிலை. நம் கடலில் ஒன்றரை மீட்டர் வரை வளரும் கூறல் மீன் அதனாலேயே வேட்டையாடப்படுகிறது. பாம்பனில் அப்பையை நெட்டி என்பார்கள். குஜராத் அரசு 2023இல் இம்மீனைத் தன் மாநில மீனாக அறிவித்தது. அங்கே அதன் பெயர் கோல். பெருமை சூட்டிய பிறகாவது கூட்டம் கூட்டமாக அள்ளாமல் விடுவார்களா என்பதே எம் ஐயம்.

எம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு விருந்தொன்றுக்காக மலிவாகக் கிடைத்த சிறிய பன்னாக்களை ஒரு கூறு வாங்கினோம். அன்னையார் ஒவ்வொன்றாக அறுத்தார். ஒன்றிலும் முட்டை கண்டதில்லை. "ஒரு தடவைகூட முட்டை போடாத குஞ்சுகளடா இவை" என்றார். சில இனங்களுக்குப் பிடிக்கத் தகும் மிகக்குறைந்த அளவைக் கேரள அரசு 2015இல் விதித்ததைச் செய்தித்தாளில் படித்தவர்தாம் யாம். பின்னர் அப்பட்டியல் விரிந்ததையும் அறிவோம். படித்து என்ன பயன்? அன்னையார் குழம்பு வைத்தார், எல்லோருக்கும் பரிமாறினார், தாம் தொடவில்லை.

பன்னா ஒரு சாணுக்குக் குறைந்தால் வாங்காதே என்பது அவர் கட்டளை. இப்போது சந்தையில் எம் கை விரிவதைக் கண்டாலே மீன்காரர் சிரித்துக்கொண்டு அடுத்த கூடையைக் காட்டுகிறார்.