சொல்லும் உறுதியும்

(கொக்குவிலில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மொழியைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். தமிழின் தொன்மையையும் இனிமையையும் பல மேடைகளிற் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஆதலால் அவற்றை விடுத்து நம் ஊர்ப் பெயரிலேயே தொடங்குகிறேன். கொக்குவில், கோண்டாவில், இணுவில் என அடுத்தடுத்து மூன்று ஊர்கள். ‘வில்’ என்பது நீர்நிலையைக் குறிக்கும் என்பர். சிங்களத்திலும் ‘வில’ என்றால் குளம். இந்த ஓரசையைப் பிடித்துக்கொண்டு இவ்வூர்கள் முதலில் எவருடையவை என்று வாதிட்டவர்கள் உண்டு. குளக்கரையில் மீனுக்குக் காத்து நின்ற கொக்குக்கு இந்த வழக்குத் தெரியாது!

சொல் என்பது ஒரு குறி. கூடி வாழ்வோர் உடன்பட்டு வைத்துக்கொண்ட குறி. சுவிஸ் நாட்டு அறிஞர் சொசூரின் விரிவுரைகள், அவர் மறைந்தபின் 1916இல் நூலாக வெளிவந்து, மேனாட்டார்க்கு இதனை உணர்த்தின. ஒரு சொல் ஒரு பொருளை உணர்த்துவதன் காரணம் எளிதிற் புலப்படாது என்பதைத் தொல்காப்பியர் உரியியலில் நெடுங்காலத்துக்கு முன்னரே கூறிவிட்டார். ‘தோட்டம்’ என்னும் சொல்லைப் பாருங்கள். இங்கே அது கிணற்று நீர் இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வைக்கும் செம்பாட்டு நிலம். மலையகத்திலோ அது தேயிலை மலை, லயம், துரை. இங்கே தோட்டஞ் செய்பவன் கமக்காரன். அங்கே தோட்டத்திற் பாடுபட்டவன் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவனாக்கப்பட்டான். சொல் ஒன்றுதான்.

“வெறும் குறிதானே, அதற்கு ஏன் இத்தனை ஆரவாரம்?” என்று கேட்போருக்கு ‘ஸ்ரீ’யின் கதையை நினைவூட்ட விரும்புகிறேன். 1957ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் தமிழ் ‘ஸ்ரீ’ பொறித்த வண்டிகளைத் தெருவில் ஓட்டினர். 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாயிற்று. சிங்கள ‘ஸ்ரீ’ தாங்கிய பஸ்கள் வடக்கே வந்தபோது தொண்டர்கள் தார்ச்சட்டி ஏந்தினர், சிறையும் புகுந்தனர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தாரால் அழிந்தன. ஏப்ரல் 9ஆம் நாள் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் என்ன நடந்ததென்பதை இச்சபையில் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதில் வியப்பு யாதெனில், இரு ‘ஸ்ரீ’க்கும் ஒலி ஒன்று, பொருளும் ஒன்று, திரு என்பதே. நாம் ஏந்திய ‘ஸ்ரீ’ தொல்காப்பியர் கண்ட எழுத்துமன்று, கிரந்த எழுத்து. ஒலியாலும் பொருளாலும் வேறுபடாத ஒன்றுக்காக மக்கள் ஏன் சிறை சென்றனர்? அந்தத் தகடு ‘திரு’ என்று சொல்லவில்லை. இத்தெரு எவருடைய ஆட்சிக்கு உட்பட்டது என்று சொல்லிற்று. எழுத்தறியாத கமக்காரனும் அதனைப் பிழையின்றி வாசித்தான். இன்று அதே இடத்தில் ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. அவற்றுக்கு எவரும் தார் பூசவில்லை.

இனி, ஆரவாரமின்றி நின்று நிலைத்த சில சொற்களைப் பார்ப்போம். 1707இல் ஒல்லாந்தர், யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸைக் கொண்டு, நம் வழக்கங்களைத் தொகுப்பித்தனர். தொகுப்பு ஒல்லாந்த மொழியில் எழுதப்பெற்றுத் தமிழாக்கப்பட்டது; பன்னிரு முதலிமார் பார்த்து ஒப்புதலளித்தனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். ஆட்சியும் ஆட்சிமொழியும் மாறின. ஆனால் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் மாறவில்லை. 1911ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்திலும் ‘தேடியதேட்டம்’ ஆங்கில எழுத்தை உடுத்துக்கொண்டு அப்படியே அமர்ந்திருக்கிறது. காரணம் எளிது. கணவனும் மனைவியும் வாழும் காலத்திற் தேடியது இருவருக்கும் உரியது என்ற ஒரு குடும்ப ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. நாம் ‘பொருள் தேடுதல்’ என்கிறோமே, அந்தத் தேடுதலின் வியர்வையும் அதில் உண்டு. மொழிபெயர்த்தால் சொல் வரும், ஏற்பாடு வராது.

ஒன்றையும் மறைத்தல் ஆகாது. சீதனம் பெண்ணுடையது என்று சொல் சொல்லுகிறது. அக்காணியை அவள் விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சொல் காக்கும், கட்டியும் வைக்கும். தாய்மார்கள் இதனை என்னிலும் நன்றாக அறிவர்.

பெயர்ப்பலகைத் தமிழில் எழுத்துப் பிழை கண்டு நாம் கொதிக்கிறோம், கொதிக்க வேண்டியதே. ஆயினும் பலகையிலும் பெரிது காகிதம். காணியின் பெயரும், பரப்பும், எல்லையும், கிணற்றிற் பங்கும் எழுதிய உறுதி நம் மொழியில் இருப்பதனாலன்றோ கமக்காரன் தன் உரிமையைத் தானே வாசிக்கிறான்! 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988இல் பதினாறாந் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் பொதுப் பதிவேடுகள் தமிழிலே பேணப்பட வேண்டும் என்றது. அதன் பின்னும் 2011இல், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியப்பெறும் உரிமை வேண்டும் என்றும், பொலிஸ் நிலையங்களில் இருமொழியும் அறிந்தவர்கள் இரவு பகலாக இருத்தல் வேண்டும் என்றும் விதந்துரைத்தது. எழுதப்பட்ட உரிமை கைக்கு வந்திருந்தால் இந்த விதப்புரைக்கு வேலையென்ன?

தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் ஒருவன் ஒப்பமிடும்போது, அவன் பெயர் மட்டுமே அவனுடையது, மேலேயுள்ளது பிறருடையது. ஆகையால் ஒரு வேண்டுகோள். காணித் தகராறோ, களவோ, விபத்தோ எதுவாயினும், உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருமாறு கேளுங்கள், வாசித்தபின் ஒப்பமிடுங்கள். மறுத்தால், நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். சட்டத்தரணிகள் பலர் இச்சபையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அக்குறிப்புகளைக் கட்டணமின்றி எடுத்து நடத்த அவர்களுள் எத்தனை பேர் ஆயத்தம் என்பதை, கூட்டம் கலையுமுன் தலைவர் அவர்கள் கேட்டறிய வேண்டுகிறேன்.