மழைக்கு முன் ஒரு துடைப்பம்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரம் மேடிசன். மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊர். இலையுதிர் காலத்தில் மழை வரப்போகிறது என்றால், அங்கே பலருடைய கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து, தெருவோரச் சருகைக் கூட்டி அள்ளிவிடுவார்கள்.

சருகு என்ன கெடுதல் செய்துவிடும் என்று நமக்குத் தோன்றும். தேயிலையை வெந்நீரில் போட்டால் சாயம் இறங்குகிறதல்லவா? அதே மாதிரிதான். தெருவில் ஊறும் சருகிலிருந்து பாஸ்பரஸ் மழைநீரில் இறங்குகிறது. கார் சக்கரம் ஏறி நசுங்கிய சருகு என்றால் இன்னும் சீக்கிரம் இறங்கும். அங்கே மழைநீர் வடிகால் கழிவுநீர்க் குழாயோடு சேருவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தைத் தொடாமலே ஏரிக்குப் போகிறது. வயலில் உரம் போட்ட மாதிரி ஏரியில் பாசி கொழிக்கிறது. கோடையில் தண்ணீர் பச்சைப்பசேலென்று குழம்பி நாறும். பாசி அழுக அழுக, மீன்களுக்கு மூச்சு முட்டும்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இதை மேடிசனிலேயே அளந்து பார்த்தது. மழைக்கு முன் தெருச் சருகை முழுக்க அகற்றிய பகுதியில், இலையுதிர் காலத்தில் வடிகாலுக்குள் போன பாஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்தது. படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது.

கூட்டிய சருகும் வீணாவதில்லை. தோட்டத்துப் பாத்தியில் பரப்பிவிட்டால், மெல்ல மெல்ல அது மண்ணோடு மண்ணாக மக்கிவிடும்.