கஜா சொல்லிக்கொடுத்த கணக்கு

(வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடந்த காத்திருப்புப் போராட்டத்தில் நமது சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)





"கஜா அடிச்சு எத்தனை வருஷமாச்சு, இன்னும் என்னய்யா அதையே பேசுறீங்க?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள். பேசத்தான் வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரில் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2017-ல் ஒக்கி, குமரி மாவட்டத்தில் வாழையையும் ரப்பரையும் முறித்தது. 2018-ல் கஜா நம்ம தென்னையைச் சாய்த்தது. 2024-ல் ஃபெஞ்சல், விழுப்புரம், கடலூர் பக்கம் வயலையெல்லாம் மூழ்கடித்தது. புயலுக்குப் பெயர்தான் மாறுது. அடி வாங்குற ஆள் மாறவில்லை. அடுத்த புயல் வருவதற்குள் பேசி முடிக்க வேண்டிய கணக்கு இது.

அந்த ஒரு ராத்திரி

2018 நவம்பர் 15 இரவு தொடங்கி 16 விடியற்காலைக்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று. வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி என்று உள்ளே புகுந்து திண்டுக்கல் வரைக்கும் போனது. வடக்கேயிருந்து அடித்த காற்று, புயலின் கண் கடந்த பிறகு தெற்கேயிருந்து திருப்பி அடித்தது. முதல் அடியில் வேர் தளர்ந்து நின்ற மரம் இரண்டாவது அடியில் படுத்துவிட்டது. நம்ம பக்கம் மணற்பாங்கான பூமி. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். தலையில் குலை குலையாகக் காய் வேறு. எப்படி நிற்கும்?

63 உயிர்கள் போனதாக அரசே சொன்னது. மின்கம்பங்கள் மட்டும் 1 லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. வேதாரண்யத்தில் உப்பளத்தைக் கடல் சேறு மூடியது. மீனவர்களின் படகுகள் உடைந்தன. கோடியக்கரைக் காட்டில் மான்கள் செத்துக் கிடந்தன. தென்னை லட்சக்கணக்கில் விழுந்தது. நெல் போனால் ஒரு போகம் போச்சு என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். தென்னங்கன்றை நாம் 'பிள்ளை' என்றுதான் சொல்கிறோம். நட்டு, தண்ணீர் ஊற்றி, பாளை வெடிக்கப் பார்ப்பதற்கு நாட்டு ரகமென்றால் ஆறேழு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷத்து உழைப்பை ஒரு ராத்திரியில் பறிகொடுத்தோம்.

ஊர் என்ன செய்தது

விடிந்ததும் எந்த உத்தரவும் வரவில்லை. செல்போன் டவரும் இல்லை, கரண்டும் இல்லை. ஆனாலும் அரிவாளும் கோடாரியும் எடுத்துக்கொண்டு ரோட்டில் கிடந்த மரத்தை வெட்டி வழி திறந்தது நம் ஊர்ப் பிள்ளைகள். ஓட்டு வீட்டுக்காரர் கூரை வீட்டுக்காரரைச் சேர்த்துக்கொண்டார். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் தங்குமிடமாயின. ஆளுக்குப் படி அரிசி போட்டுப் பொதுவில் கஞ்சி காய்ச்சினோம். வீட்டுக்கு வீடு காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம்.

வெளியூரிலிருந்தும் வந்தார்கள். மதுரை, திருப்பூர், கோவை என்று எங்கிருந்தெல்லாமோ வண்டி வண்டியாக அரிசி, போர்வை, தார்ப்பாய், மெழுகுவர்த்தி வந்தது. சிங்கப்பூர், மலேசியாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பணம் திரட்டி அனுப்பினார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் கேரளம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. நாம் இங்கிருந்து சாமான் அனுப்பினோம். மூன்றே மாதத்தில் அந்தக் கேரளம் நமக்கு 10 கோடி ரூபாய் கொடுத்தது. மின்வாரியத் தொழிலாளர்களையும் அனுப்பியது. சேற்றில் இறங்கி, தோளில் கம்பம் சுமந்து நமக்கு விளக்கேற்றிய அந்தத் தொழிலாளிகள், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், நம் நன்றிக்கு உரியவர்கள்.

ஒன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டு ஊர்களிலேயே காலியாயின. உள்ளே இருந்த காலனிக்கும், வாய்க்கால் கரைக் குடிசைக்கும் கடைசியில்தான் போய்ச் சேர்ந்தது. சில இடங்களில் போகவே இல்லை. காற்று சாதி பார்த்து அடிக்கவில்லை. அரிசி மூட்டை மட்டும் சாதி பார்த்து இறங்குவதென்றால் அதற்கு உதவி என்று பெயரா? நம் சங்கம் இருக்கும் ஊரில் இனி முதல் வண்டி கடைக்கோடித் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

அரசு என்ன செய்தது

மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி. வந்தது முதலில் 353.70 கோடி, டிசம்பர் கடைசியில் அறிவித்தது 1,146.12 கோடி. கூட்டிப் பாருங்கள், 1,500 கோடி. பத்து ரூபாய் கேட்டதற்கு ஒரு ரூபாய்!

விழுந்த தென்னைக்கு மாநில அரசு அறிவித்தது மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500. ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. ஒரு மரம் வருஷத்துக்கு 100 காய் காய்க்கிறது, காய் 10 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,000 ரூபாய். புதுப் பிள்ளை காய்க்க ஏழு வருஷம் என்றால் 7,000 ரூபாய் வருமானம் போச்சு. அதற்கு ஈடு 600 ரூபாயா? வெட்டிய மரத்தை வாங்க ஆளில்லை. பொக்லைன் வைத்துத் தூரைத் தோண்டக் கைக்காசு செலவழித்தோம். தோண்ட முடியாமல் விட்ட கட்டையில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நின்ற மரத்தின் குருத்தையும் தின்றது.

மத்திய அரசின் பேரிடர் விதி இன்னும் மோசம். பலவருஷப் பயிருக்கு ஹெக்டேருக்கு அப்போது 18,000 ரூபாய். 2022-ல் திருத்தி 22,500 ஆக்கினார்கள், அதுவும் 2 ஹெக்டேர் வரைக்கும்தான். 175 மரத்துக்கு வகுத்தால் ஒரு மரத்துக்கு 128 ரூபாய் சொச்சம். ஒரு தென்னங்கன்று வாங்கி, குழி வெட்டி நட இந்தக் காசு காணுமா?

இந்தக் காசையும் கேட்கப் போனால் முதல் கேள்வி, "பட்டா இருக்கா?" கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாகச் சாகுபடி செய்கிறவரிடம் பட்டா ஏது? வாய்வார்த்தைக் குத்தகைக்காரரிடம் எந்தக் காகிதம் இருக்கும்? குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் போட்டார்கள். எத்தனை பேர் பெயரை ஏற்றினார்கள்? நிலமே இல்லாமல் கீற்று முடைந்து பிழைத்த தாய்மார்கள், மரம் ஏறியவர்கள், மட்டை உரித்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. கூரை இல்லாத வீட்டுக்கு வாரத் தவணை கேட்டு வந்து நின்றவர்கள் மட்டும் ஒருவர் பெயரையும் விடவில்லை.

உதவி வேறு, உரிமை வேறு

ஊரார் கொடுத்த கஞ்சியைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்குவோம். அது மனுஷனுக்கு மனுஷன் செய்வது. அரசு கொடுக்க வேண்டியது நம் வரிப்பணம். அதைக் கும்பிட்டு வாங்க வேண்டியதில்லை, கேட்டு வாங்க வேண்டும். "மக்களே பார்த்துக்கிட்டாங்க, சமாளிச்சுட்டாங்க" என்று நம் ஒற்றுமையைக் காட்டி ஆட்சியாளர்கள் ஒதுங்கிக்கொள்ள விடமாட்டோம். நாம் கேட்பது இவைதான்:

1. மரத்தின் வயதையும், புதுக்கன்று காய்க்கும் வரைக்குமான வருமான இழப்பையும் கணக்கிட்டு இழப்பீடு கொடு. 2 ஹெக்டேர் வரம்பை நீக்கு.

2. பட்டா யார் பெயரில் இருந்தாலும் சாகுபடி செய்தவருக்கே நிவாரணம் கொடு. குத்தகைதாரர் பெயர்களை ஊர் ஊராக வந்து பதிவு செய்.

3. வேலை இழந்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தனி நிவாரணம் கொடு. விழுந்த மரத்தை அகற்றும் வேலையைக் கூலி கொடுத்து அவர்களிடமே கொடு.

4. பேரிடர் பாதித்த ஊர்களில் எல்லாக் கடன் வசூலையும் நிறுத்த, புயல் வந்த அன்றே உத்தரவு போடு.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் 2009 முதல் இருந்தும் கஜா வந்தபோது நம்மில் பெரும்பாலோர் அதில் இல்லை. மரத்துக்கு 9 ரூபாய், 14 ரூபாய் என்றிருந்த பிரீமியத்தில் விவசாயி பங்கு கால்வாசிதான். 16 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு 1,750 ரூபாய் காப்பீடு. அதாவது மூன்றரை ரூபாய் கட்டியிருந்தால் 1,750. நம்மிடம் வந்து சொல்ல யாரும் இல்லை. இனி வேளாண்மை அலுவலகத்தை ஊருக்கே வரவைத்து முகாம் போடச் சொல்வோம். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டு போடுங்கள். சர்வே எண், மரத்தின் எண்ணிக்கை, வயது, சாகுபடி செய்பவர் பெயர் எல்லாம் அதில் ஏறட்டும். தோப்பைச் செல்போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கிளைக்கு ஒரு மரம் அறுக்கும் மெஷினும் ஒரு ஜெனரேட்டரும் சங்கச் சொத்தாக இருக்கட்டும். நாளைக்குக் கணக்கெடுக்க வருகிறவர் கையில் நம் நோட்டைக் கொடுப்போம்.

தனி மரம் தோப்பாகாது, தோழர்களே. சாய்ந்த தோப்பை மறுபடியும் நட்டவர்கள் நாம். நம் உரிமையையும் நாமே நட்டு வளர்ப்போம். கோரிக்கை மனுவை வட்டாட்சியர் நேரில் வாங்கிப் பதில் சொல்லும் வரை இந்தப் பந்தலை விட்டு எழுந்திருக்க மாட்டோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!