குடிக்கிறான்னு தெரியும், ஏன்னு கேக்கல

இந்த வாரம் கொஞ்சம் கனமான விஷயம்.

டெக்சாஸ்ல நான் எம்.எஸ். படிச்சப்போ என் ரூம்மேட் எல் பாசோ பையன். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். அவங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் அவன்தான். வெள்ளிக்கிழமை பார்ட்டின்னா முதல்ல வந்து நிப்பான். ஜாலியான ஆளுன்னு நினைச்சேன். அப்புறம்தான் கவனிச்சேன், செவ்வாய்க்கிழமை ராத்திரியும் குடிக்கிறான். தனியா. தூக்கம் வரணும்னு.

2019 ஆகஸ்ட் 3, எல் பாசோ வால்மார்ட்டில் துப்பாக்கிச்சூடு. 23 பேர் இறந்தாங்க. சுட்டவன் ஹிஸ்பானிக் மக்களைக் குறிவச்சு, பல மணி நேரம் கார் ஓட்டி வந்தவன். என் ரூம்மேட்டோட அம்மா வழக்கமா போற கடை அது. அன்னைக்குப் போகல, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அம்மா போன் எடுக்க லேட்டானாலே இவனுக்கு நெஞ்சு படபடக்கும்.

"வீட்ல சொன்னியா?"ன்னு கேட்டேன். "அவங்க எனக்காக பட்டதே போதும், நான் வேற பாரமா?"ன்னான். குடும்பம்தான் முதல்ல என்கிற அந்தப் பிணைப்புக்கு 'ஃபமிலிஸ்மோ'ன்னு பேரு. தாங்கிப் பிடிக்கிறதும் அதுதான், சில நேரம் வாயைக் கட்டுறதும் அதுதான்.

ஏன் குடிக்கிறாங்க என்பதை ஆய்வாளர்கள் நாலா பிரிக்கிறாங்க: சந்தோஷத்துக்கு, நண்பர்களோட சேர்ந்திருக்க, ஒதுக்கிடக் கூடாதுன்னு, மனக்கஷ்டத்தைச் சமாளிக்க. இந்த நாலாவதுலதான் சிக்கல் அதிகம். ஆல்கஹால் மூளையோட வேகத்தைக் குறைக்கும், படபடப்பு அடங்கும். போதை இறங்கும்போது மூளை எதிர்ப்பக்கம் துள்ளும். பாதி ராத்திரியில தூக்கம் கலையும், காலையில பதற்றம் முன்னைவிட அதிகமா இருக்கும். அதனால மறுபடி ஒரு கிளாஸ். நம்ம பாஷைல சொன்னா, பக்கை ஃபிக்ஸ் பண்ணாம அலர்ட்டை மட்டும் ம்யூட் பண்றது.

கடைசில ஸ்பானிஷ் பேசுற ஒரு கவுன்சிலர்கிட்ட போனான். முதல் நாள் என்னை வெளியே உக்காரச் சொன்னான். ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். அந்த ரெண்டு வருஷத்துல அவனுக்கு நான் செஞ்ச உருப்படியான வேலை அது ஒண்ணுதான்.

உங்க ஃபிரெண்டு குடிச்சா "எவ்வளவு மச்சி?"யோட நிறுத்தாதீங்க. "எதுக்குடா?"ன்னும் ஒரு தடவை கேளுங்க. தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்துறது ஆபத்து, டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்துங்க. இந்தியாவுல டெலி-மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம். அமெரிக்காவுல 988, ஸ்பானிஷ்லயும் பேசுவாங்க.

அடுத்த வாரம் பாப்போம்.