நடுகல் காட்டும் வாழ்வு



ஆநிரைப் பூசலில் மாண்ட மறவனுக்கு ஊரார் நட்ட கல் நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறன் என அந்நூல் வைத்ததன் பொருத்தம், சவ்வாது மலையை ஒட்டிய செங்கம் பகுதியின் கற்களைக் காணுங்கால் விளங்கும்.

அக்கற்களின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது. வீழ்ந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற 'கோவிவன்' என்னும் நாயின் பெயரும் அதிலுண்டு. மன்னன் பெயர் காலத்தைக் குறிக்கவே வந்தது; புகழ் வீரனுக்கும் நாய்க்குமே உரியதாயிற்று.

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூன்று நடுகற்களைக் கண்டனர். அவற்றின் எழுத்து தமிழ் பிராமி. தொல்காப்பியம் வெட்சித் துறையாகச் சுட்டும் 'ஆகோள்' என்னும் சொல் அவற்றுள் ஒன்றில் இடம்பெற்றுள்ளது. இலக்கணச் சொல் ஊர்வழக்கிலும் வாழ்ந்தது என்பதற்கு இது சான்றாம்.

செங்கம், தருமபுரிப் பகுதிகளில் இத்தகு கற்கள் இன்றும் வேடியப்பனாக வழிபடப்பெறுகின்றன. ஒருவன் சாவு ஊர் கூடும் இடமாயிற்று. எனவே கல்லைப் பெயர்த்துக் காட்சியகத்தில் வைப்பது மட்டும் காப்பாகாது. இடம் மாறின் எழுத்து எஞ்சும். வழிபாடும் நிலத்தொடர்பும் அறும். பத்தாண்டு நிறைந்த இவ்வமைப்பின் இளைஞர், தத்தம் ஊர்க் கற்களை நின்ற இடத்திலேயே படியெடுத்து, முதியோர் கூறுவனவற்றையும் எழுதி வைப்பாராக. கல்லினும் விரைவில் மறைவது அவர்தம் சொல்லே.