விடுமுறையில் நூல்கள் உறங்கலாமா?



1892ஆம் ஆண்டு தமிழுலகுக்கு இரு பெரியாரைத் தந்தது. ஒருவர், காரைதீவிற் பிறந்து கல்முனையிற் கல்வி கற்ற சுவாமி விபுலாநந்தர். மற்றவர், சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். இவர் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல்கள் பயன்படுவதற்கே என்பது முதல் விதி.

நாமோ ஒக்டோபரில் வாசிப்பு மாதம் கொண்டாடுகிறோம். தவணை முடிந்ததும் பாடசாலை நூல்நிலையத்தைப் பூட்டிவிடுகிறோம். பிள்ளைக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் நூல் சிறைப்படுகிறது!

இரவல் கொடுத்தால் நூல் தொலையும் என அஞ்சுகிறோம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி இக்கரையின் பாடசாலைகளையும் அழித்தது. அழிந்த நூலை மீண்டும் வாங்கலாம். வாசியாது கழிந்த இளமையை எங்கே வாங்குவது?

ஆதலால், விடுமுறைக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தான் விரும்பிய இரு நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். அதற்குப் பரீட்சையும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். கட்டாயம் கசப்பையே வளர்க்கும். திரும்பி வந்ததும் படித்ததை வகுப்பிற் சொன்னாற் போதும்.

இன்னொன்று. மருதமுனை, சாய்ந்தமருது முஸ்லிம் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் மொழி ஒன்றே, விடுமுறைகள் வேறு. அவர்களுக்கு நோன்பு விடுமுறை வரும்போது நம் நூல்கள் அங்கே செல்லட்டும். நமக்கு விடுமுறை வரும்போது அவர்கள் நூல்கள் இங்கே வரட்டும். கொடுக்கல் வாங்கற் பதிவேட்டை இளைஞர்களாகிய நாமே ஏற்போம். சந்தையிற் கூடும் நாம் நூலிலும் கூடுவோமாக!